வெளங்குச்சா அக்கா?

தலையை ஆட்டிவிட்டாள் மாரீஸ்வரி. ஆட்டி முடித்த பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று யோசித்தாள். ரிஃபானா கேட்டது "வெளங்குச்சா அக்கா?" என்று. இந்தப் பிள்ளை கடையநல்லூர்க்காரி, புரிஞ்சுதா என்று கேட்கவே மாட்டாள், வெளங்குச்சா என்றுதான் கேட்பாள், கேட்டுவிட்டுப் பேனாவை அந்தரத்தில் நிறுத்திக் கண்ணை அகல விரித்துப் பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு இல்லை தாயே, ஒரு எழவும் விளங்கவில்லை என்று எவளால் சொல்ல முடியும்? அதுவும் வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுகிற பிள்ளையிடம். மாரீஸ்வரி மூன்றாம் வருஷம், ரிஃபானா இரண்டாம் வருஷம். ஊர் உலகத்தில் அக்காதான் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுப்பாள். சாத்தூர் தாண்டி பைபாஸ் ஓரத்தில், சித்திரை வெயில் மொத்தத்தையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிற இந்த இன்ஜினியரிங் காலேஜில் தங்கச்சி அக்காவுக்கு ஃபூரியர் சீரிஸ் கணக்கு நடத்துகிறாள், அக்கா உட்கார்ந்து தலையாட்டுகிறாள். நல்ல கூத்து. கடைசி பீரியடுக்குக் காலியாகக் கிடக்கும் இந்த வகுப்பறை இவர்களுக்கு ஒதுக்கினது, பஸ் மணி அடிக்கிறவரை யாரும் வரமாட்டார்கள். மேலே ஃபேன் ஓடுகிறதா, ஓடுகிற மாதிரி பாசாங்கு செய்கிறதா தெரியவில்லை, காற்று மட்டும் கீழே வரவில்லை. டெஸ்க்குக்கு அடியில் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. காலாட்டாதடி, குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா தொடையில் ஒன்று போடுவாள். நிறுத்தினாள். ரெண்டு வரி எழுதுவதற்குள் அது மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் கலைவாணி மேடத்தின் ஏற்பாடு. டிபார்ட்மென்ட் தலைமை அவர்தான். வாத்தியார்கிட்ட வாயைத் திறக்கக் கூச்சப்படுற பிள்ளைங்க கூடப் படிக்கிற பிள்ளைகிட்ட தாராளமாக் கேக்கும், அதுதான் இதுல உள்ள லாபம், என்ன கேக்கணுமோ கேளு, எத்தனை தடவை வேணும்னாலும் கேளு, சும்மா உக்காந்து வேடிக்கை பாக்காதே என்று சொல்லித்தான் மேடம் ரிஃபானாவைக் கையில் பிடித்துக் கொடுத்தார். மாரீஸ்வரி மேத்ஸ் மூன்றாம் பேப்பரில் ரெண்டு தடவை விழுந்தவள். ரிஃபானா போன செமஸ்டர் அதே பேப்பரில் காலேஜிலேயே முதல். மூன்றாம் வருஷத்துப் படிப்பாளிகள் எல்லாம் கம்பெனி இன்டர்வியூவுக்குப் பயிற்சி என்று ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு ஜூனியரைப் பிடித்துப் போட்டார்கள். ரெஜிஸ்டரில் மாரீஸ்வரி பேருக்கு நேரே ஸ்லோ லேர்னர் என்று எழுதியிருந்ததை முதல் நாளே ரிஃபானா பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அந்தத் திருப்பல்தான், அந்த நாசமாய்ப் போன மரியாதைதான் இவளைக் கொன்றுபோட்டது. ஸ்லோ லேர்னரா நானு? பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கினவள்டி நான். ஏழாயிரம்பண்ணை பள்ளிக்கூடத்தில் என் போட்டோவை ஃபிளெக்ஸ் அடித்து வைத்தார்கள் தெரியுமா உனக்கு? தெரியாது. எப்படித் தெரியும்? அவளிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு அவள் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி வெளங்குச்சா அக்கா என்று கேட்டபோது, ஒன்றுமே விளங்காமல், மாரீஸ்வரி வாய் நிறைய, "ஓ, நல்லாப் புரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டாள். சனியன் அங்கே பிடித்தது.

சொன்னபிறகு அதைக் காப்பாற்ற வேண்டாமா? ரிஃபானாவுக்கு ஒரு பழக்கம், எழுந்து போகும்போது, நாளைக்கு இந்தக் கணக்குப் பாப்போம், ஒரு பார்வை பாத்துட்டு வாங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போவாள். அதுதான் மாரீஸ்வரிக்குத் தோதாகப் போயிற்று. விடியற்காலையில் ஹாஸ்டல் பாத்ரூம் வரிசையில் பக்கெட்டை முன்னால் தள்ளித் தள்ளி, கையில் கைடை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனப்பாடம் பண்ணிவிடுவாள். பண்ணத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ராஜாமணி சார் அப்படித்தான் பழக்கியிருந்தார், எடுத்துக்காட்டுக் கணக்கையெல்லாம் புக்குல இருக்கிற மாதிரியே எழுதிப் பாரு, ஏன் எதுக்குன்னு கேட்டு நேரத்தை வீணாக்காதே, பப்ளிக்ல அப்படியே வரும். அப்படியேதான் வந்தது. கடைசி பீரியடில் ரிஃபானா கணக்கை ஆரம்பித்து இழுக்கும்போது அடுத்த வரியை மாரீஸ்வரி முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். ரிஃபானா அசந்துபோவாள், சூப்பருக்கா, நீங்க எப்படி ஃபெயிலானீங்க என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். மேலும் வேகமாகப் போவாள். அவள் வேகமாகப் போகப் போக இவள் இன்னும் நிறைய மனப்பாடம் பண்ண வேண்டியிருந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு எதிரே உட்கார்ந்து பரீட்சை எழுதுகிற பிறவி என்னை மாதிரி யாராவது இருப்பார்களா? சொல்லுகிறவள் முன்னால் தெரிந்த மாதிரி நடித்துவிட்டால், சொல்லிக்கொடுக்க அங்கே என்ன மிச்சம் இருக்கும்? இதெல்லாம் பக்கெட்டோடு நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது, இங்கே வந்து உட்கார்ந்ததும் தலை தானாக ஆடுகிறது.

"அக்கா, கவனிக்கிறீங்களா?" "ம்ம், போ." எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் பையிலிருந்து பை வரைக்கும். இன்றைய கணக்கு. காலையில் பண்ணின மனப்பாடம் இன்னும் ஈரம் காயவில்லை. ரிஃபானா எழுதிக்கொண்டே போனாள். அவள் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும், வரிக்கு வரி இவள் மனசுக்குள் இருக்கிற கைடின் வரியும் கூடவே ஓடிவந்தது, இது சரி, இது சரி, இதுவும் சரி. திடீரென்று ஒன்று தட்டியது. காஸ் என் பை என்று வந்த இடத்தில் ரிஃபானா ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கைடில் மைனஸ் ஒன்று, அதன் தலையில் பவராக என் என்கிற இங்கிலீஷ் எழுத்து அல்லவா இருந்தது? இருந்ததா? பக்கெட் வரிசையில் முன்னால் நின்ற பிள்ளை திரும்பி என்னமோ கேட்டாளே, அப்போது ஒரு வரி தாவிவிட்டோமோ? வேறு கணக்கின் வரியா அது? நம் மண்டையில் இருப்பது சரியா, காலேஜ் முதலாக வந்தவள் கையால் எழுதியது சரியா? ரிஃபானாவாவது தப்பாய்ப் போடுவதாவது. ஆனாலும் அந்த மைனஸ் கண்ணுக்குள் நிற்கிறதே. ஏன் மைனஸ்? எதற்கு அதன் தலையில் ஒரு என்? இது தெரிந்திருந்தால் இந்நேரம், ஏ ரிஃபானா, அங்க பாரு என்று சொல்லியிருக்கலாம். காரணம் தெரியாதவள் எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? ஏன்க்கா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தொலைந்தோம். பேசாமல் இரு, உனக்கென்ன வந்தது. வெளங்குச்சா அக்கா? தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் இது, இப்போது ஆட்டியது.

ரிஃபானா மேலும் மூன்று நாலு வரி போய்விட்டு நின்றாள். பேனா முனையைப் பல்லில் தட்டினாள். "அய்யய்யோ," என்றாள். "காஸ் என் பைய ஒண்ணுன்னு போட்டுட்டேன்! மைனஸ் ஒண்ணு பவர் என்தானே வரும்? லூசு மாதிரி போய்க்கிட்டே இருக்கேன் பாருங்க. நீங்களாவது சொல்லக்கூடாதாக்கா?"

அடித்துப்போட்ட மாதிரி இருந்தது மாரீஸ்வரிக்கு. அப்படியானால் நான் வைத்திருந்ததுதான் சரி. காலேஜ் முதல் தப்பு, ஸ்லோ லேர்னர் சரி! ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நொடியே கருகிவிட்டது, சரி என்று தெரியாமலேயே சரியாக இருந்து என்ன புண்ணியம்? இப்போதாவது சொல், நல்ல சந்தர்ப்பம், நான் பாத்தேன், ஆனா எனக்கு அது ஏன்னு தெரியாது என்று சொல். சொல்லடி. வாய் திறந்தது. "நான் அப்பவே பாத்துட்டேன். நீயே கண்டுபிடிக்கிறியான்னு விட்டேன்," என்று சொல்லிற்று வாய். அட பாவி! இது எங்கேயிருந்து வந்தது? ராஜாமணி சார் சொல்கிற வசனம் இது, கரும்பலகையில் தப்பாகப் போட்டுவிட்டு அவர் இப்படித்தான் சமாளிப்பார். ரிஃபானா வாயைப் பிளந்தாள். "அக்கா! என்னையவே டெஸ்ட் பண்றீங்களா?" என்று சிரித்தாள், சந்தோஷம் தாங்காமல் டெஸ்க்கைத் தட்டினாள், அந்தச் சிரிப்பில் கள்ளம் கபடம் ஒன்றுமில்லை, இவளுக்குத்தான் காது மடல் சுட்டது.

"அப்ப நான் நெனச்சது சரிதான்," என்றாள் ரிஃபானா. "மேடம் நேத்தே கேட்டாங்க. மெக்கானிக்கல்ல ஒரு அண்ணன் இதே பேப்பர்ல நிக்கிறாராம், பரீட்சைக்குள்ள அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமான்னு. உங்களுக்கு இனிமே நான் எதுக்குக்கா? தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்துட்டீங்க. மாரீஸ் அக்கா ரெடின்னு மேடத்துக்கு மெசேஜ் போட்டுரட்டுமா?" ஃபோனை எடுத்துவிட்டாள்.

போட்டுரட்டுமா. போடு என்றால் ஒரு வார்த்தையில் முடிந்தது. ஸ்லோ லேர்னர் என்கிற பேர் போகும், மேடம் காரிடாரில் பார்த்துச் சிரிப்பார், இனி விடியற்காலையில் பக்கெட்டும் கைடுமாக நிற்க வேண்டாம், வெளங்குச்சா அக்கா கேட்க வேண்டாம், அப்பாடா. பரீட்சை ஹாலில் என்ன பண்ணுவாய்? போன தடவை என்ன பண்ணினாய்? போன தடவையும் இதே கணக்குத்தான் வந்தது, பார்த்ததும் பிள்ளையாரப்பா என்று கும்பிட்டுவிட்டு மளமளவென்று எழுதிவிட்டாள், பக்கத்திலிருந்த பையன் ஏக்கமாகப் பார்த்தான், வெளியே வந்து தோழியோடு கேள்வித்தாளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மைனஸ் பையிலிருந்து பை என்ற இடத்தில் சைபரிலிருந்து ரெண்டு பை என்று போட்டிருந்தான் கேள்வித்தாள் எடுத்த பாவி. அங்கே கணக்கே வேறாம். கேள்வி ஒன்று, இவள் எழுதின பதில் வேறொன்று. ரிசல்ட் வந்தது. அம்மா ஃபோனில், எல்லாம் பாஸ்தானேடி என்றாள், ஆமாம்மா என்றாள் இவள், அங்கேயும் தலையாட்டல்தான், ஃபோனில் தெரியாது அவ்வளவுதான். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் எம்பிள்ளைக்கு ஆகஸ்ட்ல கம்பெனிக்காரன் வர்றான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கம்பெனிக்காரன் வருவான், வந்து ஒரு அரியர் பாக்கியிருந்தாலும் உள்ளே உட்கார விடமாட்டான், வாசலோடு சரி. எல்லாரும் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஃபைலோடு உள்ளே போகும்போது நான் எங்கே நிற்பேன்? கேன்டீனிலா? இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் அதற்கு முன்னால். இதில் மறுபடி ரெண்டு நம்பரை மாற்றிப் போட்டான் என்றால்? போடுவான். மாற்றிப் போடுவதற்குத்தானே அவனுக்குச் சம்பளம். அப்போது யாரிடம் போய் நிற்பாய், ரிஃபானா அந்த மெக்கானிக்கல் அண்ணனுக்கு நடத்திக்கொண்டிருப்பாள், அவன் வெட்கம் கெட்டவனாக இருப்பான், எனக்கு ஒண்ணும் புரியலம்மா, முதல்லேர்ந்து சொல்லு என்று முதல் நாளே சொல்லிவிடுவான், பாஸாகிவிடுவான். அவனை நினைக்கப் பொறாமையாக இருந்தது. ரிஃபானாவின் கட்டை விரல் ஃபோனில் ஓடிக்கொண்டிருந்தது. மேடம், மாரீஸ்வரி அக்கா என்று அடித்தாகிவிட்டது, இன்னும் ஒரு வரிதான். கால் ஆடி டெஸ்க்கே அதிர்ந்தது. சொன்னால் என்ன நினைப்பாள்? காறித் துப்புவாள். துப்பட்டும். ஹாஸ்டல் முழுக்கச் சொல்லுவாள். சொல்லட்டும். ஐயோ, சொல்லுவாளா?

"போடாத," என்றாள் மாரீஸ்வரி.

"ஏங்க்கா?"

"எனக்கு வெளங்கல."

ரிஃபானா சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. "எதுக்கா வெளங்கல? இந்த ஸ்டெப்பா?"

"எதுவுமே. முதல் நாள்லேர்ந்து." நிறுத்தினால் வராது என்று ஒரே மூச்சில் கொட்டினாள். "நீ சொல்லிட்டுப் போற கணக்க காலைல மனப்பாடம் பண்ணிட்டு வந்து உங்கிட்ட ஒப்பிச்சேன். அந்த மைனஸ் வரும்னு எனக்குத் தெரியும். ஏன் வருதுன்னு தெரியாது. நீ தப்பாப் போட்டப்பவும் எனக்கு வாய் வரல, நாந்தான் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேனோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். டெஸ்ட் பண்ணேன்னு சொன்னது பொய்."

ரிஃபானா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகாமல் அப்படியே கொஞ்ச நேரம் அனாதையாக நின்றுவிட்டுப் போயிற்று. "அப்ப இத்தனை நாளும் நான் யாருக்கு நடத்தினேன்?" என்றாள். "செவத்துக்கா? எங்க வாப்பாட்ட தினமும் பீத்திக்கிட்டு இருந்தேன், சீனியர் அக்காவுக்கே சொல்லிக்கொடுக்கேன், அவங்க டக்கு டக்குனு பிடிச்சிக்கிறாங்கன்னு. டீச்சர் வேலைக்கே போயிரலாம்போலன்னு வாப்பா சொன்னாங்க." கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது, அதைத் துடைக்காமல் கோபத்தோடு வைத்திருந்தாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இல்லன்னு சொல்லியிருந்தா என்னக்கா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

நீ அக்கான்னு கூப்பிட்டதால சொல்லலை என்று சொன்னால் அதைவிடக் கேவலம் உண்டா? ரிஃபானா எழுந்து போய்விடுவாள், பையை எடுப்பாள், ஜிப்பை இழுப்பாள், கதவுவரைக்கும் போவாள், நாளையிலிருந்து காரிடாரில் பார்த்தால் வேறு பக்கம் திரும்புவாள் என்று எல்லாவற்றையும் மாரீஸ்வரி முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒன்று, கால் ஆடவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ரிஃபானா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இதுவரை எழுதிய பக்கத்தைப் புரட்டி வெள்ளைப் பக்கத்தை வெடுக்கென்று இவள் பக்கம் தள்ளினாள். "இன்டக்ரேஷன் தெரியுமா?" என்றாள், போலீஸ்காரி மாதிரி. "ஃபார்முலா தெரியும். ஏன்னு தெரியாது." "காஸ்ன்னா என்ன?" "தெரியாது." "பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்கள்ல?" "படிச்சேன். தொண்ணூத்தேழு வாங்குனேன். என்னன்னு தெரியாது." சொல்லச் சொல்ல பயம் வந்தது, இன்னும் எவ்வளவு கீழே போகப்போகிறோம், அடியே இல்லையா இதற்கு? "பை?" "மூணு புள்ளி ஒண்ணு நாலு." "அது நம்பருக்கா. எதோட நம்பர்?" யோசித்தாள். "வட்டத்தோட." "அப்ப வட்டம் வரைங்க," என்றாள் ரிஃபானா. அப்பாடா, ஒரு வட்டம் தெரியும். வரைந்தாள், கோணலாக வந்தது. நடுவில் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னாள், போட்டாள். கோடு வட்டத்தைத் தொடுகிற வலது முனையில் ஒரு எறும்பு இருக்கு, இந்த முனைக்குப் பேரு ஒண்ணு, அந்தப் பக்கம் இடது முனைக்குப் பேரு மைனஸ் ஒண்ணு, எறும்பு வட்டத்து மேலேயே பாதி சுத்து சுத்துனா எங்க வரும்? "இடது பக்கம்." "அந்தப் பாதிச் சுத்துதான் பை, எறும்பு நிக்கிற முனையோட பேருதான் காஸ். இன்னொரு பை போனா?" "திரும்ப வலது பக்கம். ஒண்ணு." "இன்னொரு பை?" மாரீஸ்வரி பேனாவை வட்டத்தின் மேல் வைத்துத் தானே ஓட்டிப் பார்த்தாள். இடது, வலது, இடது, வலது. மைனஸ், பிளஸ், மைனஸ், பிளஸ். எத்தனை பை போனோமோ அத்தனை தடவை மாறிக்கொண்டே இருக்கிறது. அதுதானா? அந்தத் தலையில் உட்கார்ந்திருந்த என் இதுதானா? இத்தனை பக்கெட்டைத் தள்ளிக்கொண்டு கோவில் மந்திரம் மாதிரி முணுமுணுத்தேனே, ஒரு எறும்பு அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்கா? சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, ரெண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"அடுத்ததுக்குப் போவமா?" என்றாள் ரிஃபானா.

"இரு. ரெண்டு பை போனா வலது பக்கமே வந்துருது, அப்ப சைபர்லேர்ந்து ரெண்டு பைன்னு கொடுத்தா இந்த மைனஸே வராதா?"

ரிஃபானா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் முழுக்கப் போகவில்லை, இருந்தாலும் பேனாவைக் கையில் எடுத்தாள். "வராது. ஆனா அதுல வேற ஒரு வில்லங்கம் இருக்கு. சொல்றேன்." கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, இந்த வேகத்துல போனா சிலபஸ் முடியாது. பாதிகூட முடியாது. மேடத்துட்ட அந்த அண்ணனுக்கு வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிர்றேன், அது ஒண்ணும் இல்ல. ஆனா பாஸாவீங்களான்னு எனக்குத் தெரியல."

யாரும் இதுவரை அவளிடம் இப்படி நேராகச் சொன்னதில்லை. ஆகஸ்ட், கம்பெனிக்காரன், அம்மா, எல்லாம் ஒரு தரம் வந்து கண்ணுக்கு முன்னால் நின்றன. பயம் அப்படியேதான் இருந்தது, எங்கேயும் போகவில்லை. "எனக்கும் தெரியல," என்றாள். "நீ அந்த வில்லங்கத்தச் சொல்லு. மெதுவாச் சொல்லு."

ரிஃபானா ஒரு வரி எழுதினாள். மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, இது ஏன் என்று கேட்டாள். ரிஃபானா சொன்னாள். மறுபடி நிறுத்தினாள், மறுபடி கேட்டாள். பஸ் மணி அடித்து, காரிடாரில் ஓடுகிற காலடிச் சத்தம் அடங்கி, கேன்டீன்காரர் டீ கேனைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் வந்தபோதும் அவர்கள் அந்த ஒரு வரியைத் தாண்டவில்லை.